சிகாகோவின் நிலவறைகளுக்குள் ஆறு இறங்கிய நாள்

வெள்ளம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது மழைதான். இரவெல்லாம் கொட்டும், குளம் நிரம்பும், வான் பாயும், வாசலுக்குத் தண்ணீர் வந்து நிற்கும். ஆனால் 1992 ஏப்ரல் 13ஆம் திகதி திங்கட்கிழமை காலை, அமெரிக்காவின் சிகாகோ நகரில் வந்த வெள்ளத்துக்குப் பெருமழையும் காரணமில்லை, புயலும் காரணமில்லை. வீதிகள் காய்ந்தபடியே கிடந்தன. தண்ணீர் நின்றதெல்லாம் கட்டடங்களின் அடியில், நிலவறைகளில். வகுப்பில் நகராக்கம் பற்றிப் படிப்பிக்கும்போதெல்லாம் இந்தக் கதையை நாம் சொல்வதுண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த நகரத்தின் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாகோ, மிச்சிகன் ஏரிக்கரையில் சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர். ஏரி மட்டத்துக்கும் தரைமட்டத்துக்கும் பெரிய உயர வித்தியாசம் கிடையாது. கான் வெட்டினால் தண்ணீர் ஓடாது, தேங்கும். வாந்திபேதியால் ஆட்கள் செத்தார்கள். 1855இல் எலிஸ் செஸ்பரோ என்ற பொறியியலாளரிடம் வடிகால் பொறுப்பை ஒப்படைத்தார்கள். குழாயைத் தாழ்த்த இடமில்லை என்றால் ஊரை உயர்த்துவோம் என்பதுதான் அவருடைய திட்டம். வீதிகளின் மேல் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்து, அதற்கு மேல் மண் நிரப்பினார்கள். கட்டடங்களை ஆயிரக்கணக்கான திருகு ஜாக்கிகளால் தூக்கினார்கள். 1861இல் ட்ரெமொன்ட் ஹவுஸ் என்ற பெரிய ஹோட்டலைத் தூக்கியபோது உள்ளே விருந்தினர்கள் தங்கியிருந்தார்களாம். தூக்கப் பணமில்லாதவர்களின் வீட்டு முதல் மாடி புதிய வீதி மட்டத்துக்கு வந்தது, கீழ்த்தளம் நிலவறையாகிப் போனது. அந்த ஊரின் பழைய கட்டடங்களுக்கு நிலவறையும் தண்ணீரும் பிறப்பிலேயே சேர்ந்து வந்த சங்கதி.

இனி சுரங்கத்துக்கு வருவோம். 1899இல் ஒரு தொலைபேசிக் கம்பனி நகரத்துக்குக் கீழே தோண்ட ஆரம்பித்தது. தொலைபேசிக் கம்பிகளைக் கொண்டுபோகத்தான் அனுமதி. தோண்டியதோ ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய பாதை. கம்பிக்கு எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்பீர்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: இரண்டு அடி அகலத் தண்டவாளம் போட்டு, சின்ன மின்சார ரயில் ஓடியது. தரைக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்தில், நகர மையத்தின் வீதிகளுக்கு அடியில், கிட்டத்தட்ட 60 மைல் நீளம். பெரிய கடைகள், அலுவலகங்கள், ஹோட்டல்கள் எல்லாவற்றின் நிலவறைக்கும் அந்த ரயில் நிலக்கரி கொண்டுவந்தது. எரிந்த சாம்பலை ஏற்றிக்கொண்டு போனது. சுரங்கத்தின் குளிர்ந்த காற்றைக்கூட தியேட்டர்களுக்கு விற்றார்கள். குளிரூட்டி வராத காலம் அது.

லொறிகள் வந்தன, நிலக்கரிக்குப் பதிலாக எரிவாயு வந்தது. 1959இல் கம்பனி மூடப்பட்டது. சுரங்கம் மாநகரத்தின் கைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு பழைய கட்டடத்தின் நிலவறையிலும் சுரங்கத்துக்குப் போகும் அந்த வாசல் என்னவானது? சிலர் செங்கல் வைத்து அடைத்தார்கள். சிலர் பலகை அடித்து மூடினார்கள். சிலர் எதுவுமே செய்யவில்லை. கட்டடம் கைமாறியது, பழைய பராமரிப்பாளர் ஓய்வு பெற்றார், வரைபடம் எங்கோ போனது. தன் கட்டடத்துக்குக் கீழே இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாத உரிமையாளர்களும் இருந்தார்கள். நம்மைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையமே இதுதான், ஆற்றில் விழுந்த துளை அல்ல.

துளை விழுந்த விதத்தையும் சொல்லிவிடுவோம். 1991 செப்டெம்பரில், சிகாகோ ஆற்றின் மேலுள்ள கின்ஸி வீதிப் பாலத்தைப் படகுகள் மோதாமல் காக்கும் பழைய மரத் தூண்களை மாற்றும் வேலை நடந்தது. பழைய இடத்திலேயே நட்டால் பாலக் காவலரின் அறைக்குப் பாதிப்பு வரும் என்று, புதிய தூண்களைச் சில அடி தள்ளி நட்டார்கள். அந்த இடத்துக்கு நேர் கீழே சுரங்கம். தூண் சுரங்கத்தைத் துளைக்கவில்லை. தூண் இறங்கும்போது பக்கவாட்டில் தள்ளப்பட்ட களிமண் சுரங்கச் சுவரை அமுக்கிப் பிளந்தது. அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. களிமண் மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

1992 ஜனவரியில், கேபிள் டீவி ஊழியர்கள் சுரங்கத்துக்குள் போனபோது சேறும் நீரும் வழிவதைக் கண்டு வீடியோ எடுத்தார்கள். மாநகர அதிகாரிகளுக்கும் தகவல் போனது. அவர்களுடைய ஆட்களும் இறங்கிப் பார்த்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். திருத்துவதற்கு ஏறத்தாழ 10,000 டொலர் என்று ஒரு விலை வந்தது. அது அதிகம், வேறு விலைமனு கோருவோம் என்று தீர்மானித்தார்கள். நடைமுறைப்படி பார்த்தால் பிழை சொல்ல முடியாத தீர்மானம்தான். பொதுப் பணம் அல்லவா! ஆனால் களிமண்ணுக்கு நடைமுறை தெரியாது.

ஏப்ரல் 13, காலை 6 மணிக்குச் சற்று முன்பு சுவர் உடைந்தது. மர்ச்சன்டைஸ் மார்ட் என்ற பிரமாண்டமான கட்டடத்தின் நிலவறையில் தண்ணீர் ஏறுகிறது, அதில் மீன் நீந்துகிறது என்று தகவல் வந்தது. குழாய் உடைப்பு என்றுதான் ஆரம்பத்தில் பலரும் எண்ணினார்கள். குழாய்த் தண்ணீரில் மீன் எங்கிருந்து வரும்? ஒரு வானொலி நிருபர் கின்ஸி பாலத்தடிக்குப் போய், ஆற்றில் தண்ணீர் சுழன்று கீழே இறங்குவதைப் பார்த்துச் சொன்னார். குளியல் தொட்டியின் அடைப்பைக் கழற்றினால் சுழலுமே, அதைப் போல.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மாநகர மண்டபம், பெரிய கடைகள், வங்கிகள் என்று ஒவ்வொன்றின் நிலவறையும் நிரம்பியது. பழைய கட்டடங்களில் மின்சாரப் பலகை, மின்மாற்றி, கொதிகலன் எல்லாமே கீழேதான். ஆகவே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டி வந்தது. நிலக்கீழ் ரயில் நின்றது. பங்கு, தானிய வியாபாரச் சந்தைகள் மூடின. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் நகர மையத்தை விட்டு வெளியேறினார்கள். உள்ளே போன தண்ணீர் சுமார் 25 கோடி கலன், நம் கணக்கில் ஏறத்தாழ 95 கோடி லீற்றர். அல்ஹம்துலில்லாஹ், ஓர் உயிர்கூடப் போகவில்லை. தண்ணீர் வீதிக்கு வராததும், ஆட்களை உடனே வெளியேற்றியதும் உதவின.

அடைப்பதற்கு அறுபதுக்கும் மேற்பட்ட லொறி கல், சீமெந்து, பழைய மெத்தை எல்லாம் கொட்டினார்கள். தண்ணீரின் இழுப்பில் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் சுரங்கத்துக்குள் மேலிருந்து துளைகள் இறக்கி, ஆற்றின் இருபுறமும் கொங்கிறீட் நிரப்பித்தான் அடைக்க முடிந்தது. மூன்று நாட்கள். தண்ணீரை இறைக்க மே மாதம் வரை சென்றது. அவசரப்பட்டு இறைக்க முடியாது. உள்ளே தண்ணீர் திடீரென்று குறைந்தால், வெளியே ஈரமான மண் தரும் அமுக்கத்தில் சுரங்கமும் பழைய சுவர்களும் உள்நோக்கிச் சரியக்கூடும். நிலவறையில் தண்ணீர் நிற்கும்போது பம்பை முழு வேகத்தில் ஓடவிட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்றதென்று உறுதியாகும் முன் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவும் கூடாது.

நட்டம் நூறு கோடி டொலர் அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கேட்ட 10,000 டொலரை விட ஓர் இலட்சம் மடங்கு. மேயர் ரிச்சர்ட் டேலி, பதில் போக்குவரத்து ஆணையாளரைப் பதவி நீக்கினார். கேபிள் ஊழியர் எடுத்த வீடியோவை ஊரே பார்த்தது.

அதன்பின் ஆற்றைக் கடக்கும் இடங்களில் சுரங்கத்துக்குள் நீர்புகாத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். கட்டடக்காரர்கள் தங்கள் நிலவறைச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பலகையையும் செங்கலையும் எடுத்துவிட்டுக் கொங்கிறீட்டால் மூடினார்கள். இப்படிப்பட்ட கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: சுவரில் எந்தத் துளை எங்கே போகிறது, பழைய குழாய் எதற்கு வந்தது, கழிவுநீர் திரும்பி ஏறாமலிருக்க ஒருவழி வால்வு இருக்கிறதா, மின்பலகையை மேல்தளத்துக்கு மாற்ற முடியுமா. சுவருக்குப் பூசும் நீர்காப்புப் பெயின்ட் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

காப்புறுதிக் கதை தனி. வெள்ளச் சேதத்துக்குக் காப்புறுதி எடுக்காதவர்கள் பலர். ஆகவே நடந்தது வெள்ளமா, கசிவா என்ற வாதம் கிளம்பியது. கசிவு என்ற பெயர்தான் நின்றது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. தூண் நட்ட வேலை மிதக்கும் தெப்பத்தில் இருந்து நடந்ததால், 1995இல் அந்த நீதிமன்றம் இதைக் கடல்சார் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நகர நடுவில், நிலத்துக்குக் கீழே, கடையின் நிலவறையில் நனைந்த சரக்குக்குக் கப்பல் சட்டம்! மாணவர்கள் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள்.

அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. மின்சாரக் கம்பிகளும் தொலைத்தொடர்புக் கம்பிகளும் அதற்குள் போகின்றன. 1899இல் அனுமதி வாங்கியதும் கம்பிக்குத்தானே.