கேரளாவில் ஃபர்னிச்சர் வாங்கினால் வரி மிச்சமா? கிராமத்துக்கு குடிபோறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

சென்னை, கோவையை விட்டுட்டு நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் பக்கம் வீடு பார்த்துப் போறவங்களுக்கு முதல் வாரமே ஒரு கேள்வி வரும். கட்டில், பீரோ, டைனிங் டேபிள் எல்லாம் எங்க வாங்குறது? அக்கம்பக்கத்தில் கேட்டால், "நிலம்பூர் போங்க, இல்லன்னா பத்தேரி போங்க" என்பார்கள். இரண்டுமே கேரளாவில் இருக்கும் ஊர்கள்.

காரணம் எளிது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலை இறங்கினால் சுமார் 50 கி.மீ.யில் நிலம்பூர் வந்துவிடும். பந்தலூர் தாலுகாவில் தாளூர் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு சுல்தான் பத்தேரி இன்னும் கிட்ட. கோவையிலிருந்து கொண்டு வரணும்னா லாரி ஊட்டி வரை மலை ஏறி, மறுபடி கூடலூருக்கு இறங்கணும். செங்கோட்டைக்காரர்களுக்கு புனலூர், கம்பத்துக்காரர்களுக்கு குமுளி, களியக்காவிளைக்காரர்களுக்கு திருவனந்தபுரம் என்று எல்லையோர ஊர்களில் எல்லாம் இதே கதைதான்.

பக்கத்தில் இருக்கிறது என்று வாங்கினால் சரி. "அங்க டாக்ஸ் கம்மி"னு நினைச்சு வாங்கினால்தான் கணக்கு தப்பாகும்.

வரி குறையுமா?

குறையாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, ஒரே பொருளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற வரி என்பது ஃபர்னிச்சர் விஷயத்தில் இல்லை. மரக் கட்டிலுக்கு நிலம்பூரிலும் 18%, கோவையிலும் 18%. முழுக்க மூங்கில், பிரம்பால் செய்ததற்கு மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 5%. அதுவும் நாடு முழுக்க ஒரே மாதிரிதான். பில்லில் உங்கள் தமிழ்நாட்டு முகவரி இருந்தால், 9%, 9% என்று பிரித்துப் போடாமல் ஐ.ஜி.எஸ்.டி. 18% என்று ஒரே வரியாக இருக்கும். அதைப் பார்த்து எக்ஸ்ட்ரா வரி போட்டுட்டாங்கன்னு பயப்பட வேண்டாம், மொத்தம் அதேதான்.

புதுச்சேரிக்கும் இது பொருந்தும். அங்கே பெட்ரோலும் மதுவும் விலை வித்தியாசப்படுவதற்குக் காரணம், அவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதுதான். சோபாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்போ எல்லை தாண்டினால் விலை குறைவதே இல்லையா? குறையலாம். மரம் பக்கத்தில் கிடைப்பது, பட்டறைகள் நிறைய இருப்பது, கடைகளுக்குள் போட்டி என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதனால் ஒப்பிடும்போது வரியும் வண்டி வாடகையும் சேர்த்து, வீட்டு வாசலில் இறங்கும் விலையை இரண்டு பக்கமும் கேளுங்கள். ஒரே ஒரு கட்டில் வாங்கத்தான் போறீங்கன்னா, பெரும்பாலும் உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்வதே லாபம். வீடு முழுக்க வாங்கும்போதுதான் ஒரு லோடு வாடகை கட்டுப்படியாகும்.

"பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்"

எங்கே போனாலும் இந்த ஆஃபர் காதில் விழும். கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 1 லட்ச ரூபாய் பொருளுக்கு பில் இல்லாமல் 18,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே கொண்டு போனால் 1 லட்சம் வரை விலக்கு உண்டு. எல்லை தாண்டும்போது அந்த விலக்கு இல்லை. இந்த 50,000-ல் வரியும் சேரும். விலை 48,000 ரூபாய்தானே என்று நினைப்பீர்கள். வரியோடு அது 56,640 ஆகிவிடும்.

பழைய வணிகவரி செக்போஸ்ட்டுகளை 2017-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஜி.எஸ்.டி. பறக்கும் படை வழியில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம். ஆவணம் இல்லாமல் பிடிபட்டால், பொருளுக்கு உரியவர் முன்வந்து வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன கணக்கில் அது 36,000 ரூபாய். அதுவரை உங்க கட்டில் வண்டியிலேயே நிற்கும்.

பில் போடும் கடை என்றால் இ-வே பில்லையும் கடைக்காரரே எடுத்துத் தருவார். வண்டி நம்பர் அதில் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வழியில் வண்டி மாறினால் நம்பரையும் மாற்ற வேண்டும். இன்னொரு விஷயம், சின்ன பட்டறைகள் பல காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும். அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் வெளி மாநிலத்துக்கு பொருள் விற்க சட்டத்தில் அனுமதி இல்லை. எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, "தமிழ்நாடு அட்ரஸுக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

பழைய வீட்டிலிருந்து எடுத்து வரும், பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை. அதே லாரியில் புது சோபாவையும் ஏற்றினால், சோபாவுக்குரிய பேப்பர் தனியாக கையில் இருக்கணும்.

எந்த மரம், எந்த ஊர் காற்று?

நிலம்பூர் என்றாலே தேக்குதான். 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலியின் காலத்தில் அங்கே தேக்குத் தோட்டம் போடப்பட்டது. அந்தப் பெயரை வைத்தே கடைகளில் வியாபாரம் நடக்கும். ஆனால் நிலம்பூர் கடையில் இருப்பது எல்லாம் நிலம்பூர் தேக்கு இல்லை. இறக்குமதித் தேக்கு, மகாகனி, அக்கேஷியா, பலா, ரப்பர் மரம் எல்லாமே இருக்கும். அடர் நிற பாலிஷ் போட்டுவிட்டால் அனுபவம் இல்லாத கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் பாலிஷ் போடும் முன்பே போய்ப் பாருங்கள். கட்டிலின் அடிப்பக்கம், டிராயரின் உள்பக்கம், பீரோவின் பின்பலகை என்று கடைக்காரர் காட்டாத இடங்களில்தான் உண்மை இருக்கும். வைரம் பாய்ந்த பகுதி கருத்திருக்கும், ஓரத்து வெள்ளைப் பகுதி வெளிறித் தெரியும். தேக்காகவே இருந்தாலும் இந்த வெள்ளைப் பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும். ரப்பர் மரம் மோசம் என்று சொல்ல முடியாது. மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தியிருந்தால் நல்லாவே உழைக்கும், பதப்படுத்தாததுதான் பிரச்சனை. என்ன மரம் என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வெறும் 'கட்டில் 1' என்று இருந்தால் நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்தது ஈரம். கேரளாவின் மழைக்காலக் காற்றில் இருந்த மரம், கம்பம், தென்காசி பக்கத்து வெயிலுக்கு வந்ததும் காய்ந்து சுருங்கும். சரியாக சீசனிங் செய்யாத மரம் என்றால் மேஜைப் பலகை விரியும், கதவு இடைவெளி விடும். கூடலூர் மாதிரி மழை ஊரில் இதுவே தலைகீழாக நடக்கும், மரம் ஈரம் குடித்து உப்பி டிராயர் இழுக்கவே வராது. இப்படி ஆனால் சரிசெய்ய யார் வருவார், மலை ஏறி வர தனி கூலி உண்டா என்பதை வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

"மரமா வாங்கிட்டு வந்து இங்க ஆசாரிகிட்ட கொடுத்துக்கலாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. தேக்குத் தடியோ பலகையோ எல்லை தாண்ட வனத்துறையின் டிரான்சிட் பாஸ் வேண்டும். செக்போஸ்ட்டில் வனத்துறையினர் கட்டாயம் கேட்பார்கள். முதல்முறை போறவங்களுக்கு இது தேவையில்லாத அலைச்சல் என்பதே எங்கள் கருத்து.

வண்டி வீட்டு வாசல் வரை வருமா?

கிராமத்து ஓட்டு வீடுகளில் நிலை குறுகலாகவும் உயரம் கம்மியாகவும் இருக்கும். போகும்போதே நிலையின் அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கழட்டி மாட்டுற மாதிரி கட்டில், பீரோவாக இருந்தால் பாதி கவலை தீரும். எஸ்டேட் ரோட்டில் பெரிய லாரி திரும்பாது, மினி லோடு வண்டிதான் சரி. பெரிய வண்டி என்றால் நேஷனல் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்கணும். நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. டெலிவரி வண்டிக்கு அதை யார் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொருள் சரியில்லை என்றால் கேரளா கோர்ட்டுக்கு அலையணுமா?

வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து சமரசம் கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்குமே முதலில் கேட்கப்படுவது பில்தான்.

இறக்கும்போதே பேக்கிங்கைப் பிரித்து, டிரைவர் நிற்கும்போதே போட்டோ எடுங்கள். கீறல், விரிசல் இருந்தால் டெலிவரி ரசீதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.