அச்சமும் தலைமுறையும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தெருவுக்குத் தொழுநோயாளர் ஒருவர் இரந்து வருவதுண்டு. அவர் குரல் கேட்டதும் என் பாட்டி குழந்தைகளையெல்லாம் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். பின்பு தாமே சென்று, எட்ட நின்றவாறே அவருடைய தகரக் குவளையில் சோறிடுவார். கல்லூரியில் சேர்ந்த பின் நான் பாட்டியின் அச்சத்தை எள்ளி நகையாடினேன். அவர் மறுமொழி கூறவில்லை. அந்த நகைப்பு எத்துணைப் பேதைமை என்பதை வாழவந்தி நாட்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு எனக்குப் பின்னாளில் உணர்த்திற்று.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, பண்டுதொட்டுப் பல 'நாடு'களாகப் பகுக்கப்பட்டது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேடு, வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது. இன்று நாம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே மேலேறிவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்போ, சமவெளி மக்கள் இம்மலையில் இராத் தங்கவும் அஞ்சினர். மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவே அதற்குக் காரணம்.

அக்காலத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலத் தம்பதியர் சமயப் பணியாளராக வந்து வாழவந்தியில் குடியமர்ந்தனர். ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்லர். சிறிதளவே மருத்துவப் பயிற்சி பெற்றவர். ஆயினும் காய்ச்சலுக்கும் நரம்புச் சிலந்தி நோய்க்கும் அவர் மருத்துவம் செய்தார். ஊரார் அஞ்சிய காய்ச்சலுக்கு அவர் அஞ்சவில்லை. ஆனால், அவரும் அஞ்சிய நோய் ஒன்று இருந்தது.

அவர் மகன் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். ஒருநாள் தொழுநோயாளர் சிலர் அவர்கள் வீட்டுக்கு வந்தனர். தந்தை குழந்தைகளை விலகி நிற்கச் சொல்லி, கைகளில் உறையணிந்துகொண்டு அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் சென்ற பின், உணவளித்த கூடை எரிக்கப்பட்டது. இதனைப் பால் பிற்காலத்தில் தம் நூலில் நினைவுகூர்ந்துள்ளார். என் பாட்டி கதவைச் சாத்தியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இருவரும் இரங்கினர், இருவரும் அஞ்சினர். தொழுநோயின் கிருமியை நார்வே நாட்டு ஹேன்சன் 1873-இலேயே கண்டறிந்திருந்தார். ஆனால், நோயைத் தீர்க்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை.

பால், ஒன்பது வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமொன்றால் மலையிலேயே மாண்டார். இளமையில் கண்ட புண்ணும் குருதியும் பாலுக்கு மருத்துவத்தின் மீதே வெறுப்பை ஊட்டியிருந்தன. எனவே முதலில் கட்டடத் தொழிலைக் கற்றார். பின்னரே மனம் மாறி, இலண்டனில் மருத்துவம் பயின்றார். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அதன் பின் ஒருநாள், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிப்போன விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையை அவர் பற்றினார். அந்தக் கை வன்மையுடன் அவர் கையை இறுகப் பிடித்தது. செத்துப்போனதாக எல்லோரும் எண்ணிய கையில் தசைகள் உயிரோடு இருந்தன! அவ்வாறாயின் விரல்கள் குறைவதேன்? நோவை உணரும் ஆற்றல் அழிந்துவிடுவதால், சுடுகலத்தையும் கூரிய பொருளையும் அறியாமல் தொட்டு, நோயாளர் காயமுறுகின்றனர். சதை தானே அழுகி விழுவதில்லை. இவ்வுண்மையைப் பாலும் அவருடைய துணைவரும் நிலைநாட்டினர். நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை இயங்கச் செய்தனர். தந்தை உறையணிந்து தொட்டவர்களை மகன் வெறுங்கையால் தொட்டார். தந்தையினும் அவர் துணிவுடையவர் என்பதன்று இதன் பொருள். தந்தைக்குக் கிட்டாத அறிவு அவருக்குக் கிட்டிற்று.

ஆயினும் அந்த மகனுக்கும் ஓர் அச்சம் வந்தது. முதுமையில் ஈவ்லின் அம்மையாரைச் சமயச் சங்கம் ஓய்வு பெறச் செய்தது. அவரோ மலைகளை விட்டு இறங்க மறுத்து, தாமாகவே தொண்டு புரிந்தார். விழுந்து அடிபட்ட பின் கோலூன்றி நடந்தார். கீழே வந்துவிடுமாறு மகன் வேண்டினார், தாய் இசையவில்லை. உடலைப் பேணிக் காப்பது மகனுக்கு மதிப்புடையதாகத் தோன்றிற்று. பயன்படும் வரை அதனைச் செலவிடுவதே தாய்க்கு மதிப்புடையதாகத் தோன்றிற்று. 1974-இல், 95-ஆம் வயதில் அவர் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவ நண்பர்களே, அறிவு வளர்ந்த அளவுக்கு அச்சம் விரைந்து அகலுவதில்லை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துகளை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இலேயே பரிந்துரைத்தது. ஆனால், நோயாளரை ஒதுக்கிவைக்க ஆங்கிலேயர் இயற்றிய 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோய் நீக்கப்பட்டது 2019-இல்தான்.

2020-இல் கொரோனாத் தொற்று வந்தபோது, அண்டை வீட்டாரின் வாயிற்படியில் உணவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு நானும் விரைந்து விலகினேன். அப்பொழுதுதான் என் பாட்டியின் நினைவு வந்தது. அவரிடம் நான் ஒருமுறையேனும், 'நீங்கள் எதனைக் கண்டு இவ்வாறு அஞ்சினீர்கள்?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்கள் வீட்டில் முதியோர் இருப்பின் நீங்கள் கேளுங்கள். அவர்கள் அச்சத்தை ஏற்க வேண்டுமென்பதில்லை. அது பிறந்த காலத்தை அறிந்துகொண்டால் போதும். உங்கள் அச்சங்களைப் பற்றியும் நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.