பாரிஸ் மாநகரின் பொது ஊர்திகள்: ஏறற்குரியார் யாவர்?

நாம் நாள்தோறும் வழங்கும் 'பஸ்' என்பது ஒரு முழுச் சொல்லன்று. 'எல்லார்க்கும்' எனப் பொருள்படும் 'ஒம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் கடைக்கூறே அது. நம் இலக்கண வாய்பாட்டிற் கூறுவதாயின், நான்காம் வேற்றுமை உருபு மாத்திரமே எஞ்சி நிற்கின்றது. 'எல்லார்' மறைந்துவிட, 'கு' மட்டும் தெருவில் ஓடுகின்றது! வகுப்பில் இதனைச் சொல்லுந்தோறும் மாணவர் நகைப்பர். ஆயினும் அவ்வூர்தி தோன்றி வளர்ந்த பாரிஸ் மாநகரின் வரலாற்றை நோக்குவார்க்கு, அந்த 'எல்லார்' என்பதுள் அடங்கியோர் யாவர் என்னும் வினா நகைப்புக்குரியதாகத் தோன்றாது.

கி. பி. 1662 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அந்நாளிற் பாரிஸின் தெருக்கள் ஒடுங்கியவை, சேறு நிறைந்தவை. செல்வர் தம் சொந்த வண்டியிற் சென்றனர், ஏனையோர் நடந்தனர். இந்நிலையிற் குறித்த வழியிற், குறித்த நேரத்திற், குறித்த கட்டணத்திற்கு ஓடும் வண்டிகளை அமைக்கலாம் என எண்ணியவர் கணித மேதையாகிய பிளேஸ் பாஸ்கல். வளியமுக்கம் பற்றிய பாடத்தில் அவர் பெயரை அறிந்த மாணவர், வண்டித் தொழிலில் அவரைக் காண்பது வியப்பாகலாம். றொவானே கோமகன் முதலிய பிரபுக்கள் துணைநிற்க, பதினான்காம் லூயி மன்னன் உரிமைப் பத்திரம் வழங்கினான். மார்ச்சு 18 ஆம் நாள் சென் அந்துவான் வாயிலிலிருந்து லுக்சம்பூர் அரண்மனை வரை முதல் வழியில் ஏழு வண்டிகள் ஓடலாயின. வண்டி ஒன்றிற் பயணிகள் எண்மர். கட்டணம் ஐந்து சோல். வண்டியோட்டிகள் நீலச் சட்டை அணிந்திருந்தனர். ஏறுவார் ஒருவருமின்றி வெறுமையாயிருப்பினும் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டேயாகவேண்டும் என்பது விதி. இன்றைய நேரசூசியின் கருத்து முழுவதும் இவ்வொரு விதியுள் அடங்கியிருக்கின்றது.

பாஸ்கலின் தமக்கை சில்பேர்த் பெரியே அந்நாட்களில் எழுதிய கடிதமொன்று கிடைத்துளது. வீடு திரும்புதற்கு வண்டியை எதிர்நோக்கித் தெருவோரத்தில் அவர் நின்றாராம், ஐந்து வண்டிகள் அடுத்தடுத்து வந்தன, ஐந்திலும் இடமில்லை. தம்பியின் திட்டம் வென்றதென்ற மகிழ்ச்சியும், தாம் ஏறமுடியாத மனக்குறையும் ஒருங்கே தோன்றும் அக்கடிதத்தைப் படிப்போர், முந்நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை உணரார்.

ஆனால் அவ்வண்டியில் இடமிருந்தும் ஏறமுடியாதோரும் இருந்தனர். மன்னன் வழங்கிய பத்திரத்தைப் பதிவுசெய்த பாரிஸ் 'பார்லமோ' (இது நீதிமன்றம், இக்காலப் பாராளுமன்றம் போன்றதன்று) ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. போர்வீரர், ஏவலர், சீருடைப் பணியாளர், உடலுழைப்பாற் பிழைப்போர் ஆகியோர் இவ்வண்டிகளில் ஏறலாகாது. நகரத்துக் கனவான்களின் வசதியும் சுதந்திரமும் கருதியே இவ்விதி என்பது மன்றம் கூறிய காரணம். பாஸ்கலோ தமக்கு வரக்கூடிய இலாபத்தின் மீது முற்பணம் பெற்று, பிளுவா நகரத்தில் வாடிய ஏழைகட்கு அனுப்ப முயன்றவர். வண்டியின் வருவாய் ஏழைக்கு. வண்டியின் இருக்கை ஏழைக்கன்று! இம்முரணை அவர் எவ்வாறு ஏற்றார் என்பதற்கு விடை தேடி நாம் அலையவேண்டியதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 19 ஆம் நாள், தமது முப்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். பின்னர்க் கட்டணம் ஆறு சோலாக உயர்ந்தது. ஏறத்தாழப் பதினைந்தாண்டுகளில் வண்டிகளும் வழக்கொழிந்தன. கட்டண உயர்வே காரணம் என்பாருளர். நடந்து செல்வோரே பெரும்பான்மையினராயிருந்த நகரில், அவர்களையே விலக்கிய ஊர்தி நெடுங்காலம் நிலைத்திருக்கக் காரணம் யாது என்பதே எனது வினா.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. நாந்து நகரில் வெந்நீர்க் குளிப்பகம் நடத்திய ஸ்தனிஸ்லாஸ் போதிரி என்பவர், 1826 இல் தம் வாடிக்கையாளரை ஏற்றிவர வண்டி அமர்த்தினார். ஏறியோருட் பலர் குளிக்க வரவில்லை. இடைவழியில் இறங்கித் தத்தம் கருமம் பார்க்கச் சென்றனர். குளிப்பகத்தினும் வண்டியே மேலென அவர் உணர்ந்தார். ஓம்னே என்னும் தொப்பி வணிகரின் பெயர்ப்பலகையிலிருந்து 'ஒம்னிபஸ்' என்ற பெயர் பிறந்தது என்பர். 1828 ஏப்ரிலில் அவ்வண்டிகள் பாரிஸில் ஓடின. இம்முறை யாரையும் விலக்கும் விதியில்லை. ஆயினும் விலைவாசி அவரை வென்றது; 1830 இல் போதிரி தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முன்னையாண்டிலேயே சில்லிபீர் என்னும் ஆங்கிலேயர் வண்டியையும் பெயரையும் லண்டனுக்குக் கொண்டு சென்றிருந்தார். நமக்கு அச்சொல் வந்த வழி அதுவே.

சட்டம் நீக்கிய வேற்றுமையைக் கட்டணம் மீட்டுக் கொணர்ந்தது. குதிரை ஒம்னிபஸ்ஸின் உள்ளே அமர 30 சந்தீம். கூரைமேல் வெயிலிலும் மழையிலும் அமர 15 சந்தீம். 1900 யூலை 19 இல், ஒரு கையிழந்த பொறியியலாளராகிய புல்சான்ஸ் பியான்வெனுவின் திட்டப்படி நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோதும் முதலாம் வகுப்புக்கு 25 சந்தீமும் இரண்டாம் வகுப்புக்கு 15 சந்தீமும் அறவிடப்பட்டன. எனினும், காலை ஒன்பது மணிக்கு முன் பயணஞ் செய்வார்க்குப் போக்குவரத்து இரண்டிற்குமாக 20 சந்தீமில் இரண்டாம் வகுப்புச் சீட்டு அளிக்கப்பட்டது. 1662 இல் வண்டியிலிருந்து விலக்கப்பட்ட உழைப்பாளியை முன்னிட்டு விலை குறித்த ஏற்பாடு இது.

அந்நிலக்கீழ்ப் பாதையிலேயே இருண்ட காலமொன்றும் வந்தது. ஜெர்மானியர் ஆட்சிக்குட்பட்டிருந்த பாரிஸில், 1942 யூன் மாதத்தில், யூதர் யாவரும் கடைசிப் பெட்டியிலேயே ஏறவேண்டுமென ஆணை பிறந்தது. அதே வண்டி, அதே சுரங்கம், அதே கட்டணம். பெட்டி மாத்திரம் வேறு. 1662 இன் நிபந்தனையேனும் மன்றத்தில் வெளிப்படையாகப் பதிவுசெய்யப்பட்டது. இவ்வாணையோ பொது அறிவித்தல் ஒன்றுமின்றி, ஊழியர் வாயிலாகவே நடைமுறைக்கு வந்தது.

நகர் விடுதலை பெற்றது 1944 இல். வண்டித் தொடரின் நடுவே அமைந்த முதலாம் வகுப்புப் பெட்டியோ அதன் பின்னும் பல்லாண்டு நீடித்தது. அது முற்றாக நீக்கப்பட்டது 1991 ஆம் ஆண்டில். பாஸ்கலின் வண்டிகள் புறப்பட்ட சென் அந்துவான் வாயில் இன்றில்லை. அவ்விடத்தை அடுத்துள்ள பஸ்தீல் நிலையத்தில் எந்தப் பெட்டியிலும் எவரும் ஏறலாம்.