வைப்பாற்றுச் சமவெளியும் உரோமானிய வணிகமும்: சான்றுகளின் எல்லை குறித்த ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

பாண்டிய நாட்டுக்கும் உரோமப் பேரரசுக்கும் இடையே நிகழ்ந்த வணிகத்தின் வரலாறு, துறைமுகங்களையும் நாணயப் புதையல்களையும் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. விஸ்வநத்தம், திருத்தங்கல், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வைப்பாற்றுச் சமவெளிக்கு அவ்வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை. இப்பகுதியை உரோமானிய வணிகத்தோடு பொருத்திப் பார்க்க எத்தகைய சான்றுகள் உதவும், எத்தகையவை உதவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: வைப்பாறு, வெம்பக்கோட்டை, திருத்தங்கல், உரோமானிய நாணயங்கள், எரித்திரியக் கடற்பயண நூல், படுபொருள்

முன்னுரை

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் இன்று பட்டாசுத் தொழிலால் அறியப்படும் ஊர். அதன் பெயரில் உள்ள ‘நத்தம்’ என்னும் சொல் குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும். பழங்குடியிருப்புகள் மண்மூடிய மேடுகளைத் தமிழகத்தில் நத்தமேடு என வழங்குவதும் உண்டு. ஆயினும் ஊர்ப்பெயர் ஒன்றே ஓர் ஊரின் தொன்மையை நிறுவிவிடாது. சிவகாசி வட்டாரத்தின் பழமையை நிலத்தடிச் சான்றுகளின் துணையோடு பேசும் வாய்ப்பு 2022ஆம் ஆண்டில் மேலும் விரிவடைந்தது. அவ்வாண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெம்பக்கோட்டை அருகே, வைப்பாற்றின் கரையில் உள்ள விஜயகரிசல்குளத்தில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த கட்டங்கள் தொடங்கப்பட்டன.

அங்குச் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் பெருமளவில் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, ‘உரோமானியர் வந்துசென்ற ஊர்’ என்னும் முடிவுக்கு விரைந்து செல்லும் போக்கு எழக்கூடும். அம்முடிவு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராயும் முன், உரோமானிய வணிகம் பற்றிய சான்றுகளின் இயல்பை அறிதல் வேண்டும்.

எழுத்துச் சான்றுகள் காட்டும் வணிகம்

கி.மு. 30இல் எகிப்து உரோமரின் ஆட்சிக்கு உட்பட்டபின் செங்கடல் வழியான கடல்வணிகம் பெருகியது. மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் வரை இந்தியா நோக்கிச் சென்றதாக ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். இந்திய வணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் வெளியேறுவதாக மூத்த பிளினி வருந்துகிறார். மிளகு ஒரு பவுண்டு 4 தெனாரியசுக்கு விற்றது என்பதும் அவர் தரும் செய்தியே.

இத்தொகைகளை அப்படியே பொருளியல் புள்ளிவிவரமாகக் கொள்வதற்கில்லை. பிளினியின் நோக்கம் உரோமரின் ஆடம்பரத்தைக் கண்டிப்பது. எனினும் வணிகத்தின் பேரளவை வேறு வகைச் சான்றும் உறுதிசெய்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் முசிறி வணிகத்திற்கான கடன் ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த யானைத்தந்தம், நளதம் உள்ளிட்ட சரக்குகள் மதிப்பிடப்பட்டுள்ளன. இத்தகைய சரக்குகளுக்கு உரோம அரசு நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகப் பெற்றது.

யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டுகிறார். யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டிய மன்னன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரனார் பாடுகிறார். இரு தரப்புச் சான்றுகளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. அவை துறைமுகத்தையும் அரண்மனையையும் காட்டுகின்றன. சரக்கை உருவாக்கிய உள்நாட்டு ஊர்களை அவை அரிதாகவே காட்டுகின்றன.

நாணயப் புதையல்களும் படுபொருள் சிக்கலும்

தமிழகத்தில் கிடைத்த உரோமானிய வெள்ளி நாணயங்களுள் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காலத்தவை மிகுதி. கி.பி. 64இல் நீரோ நாணயங்களின் எடையையும் வெள்ளி நாணயத்தின் தூய்மையையும் குறைத்தார். உலோகத்தின் தரம் அறிந்து பெற்ற தமிழக வணிகர் பழைய நாணயங்களையே விரும்பியிருக்க வேண்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெறுகிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. அவ்வெட்டின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பேரரசரின் உருவத்தைக் காட்டிலும் பொன்னின் எடையே இங்குப் பொருட்படுத்தப்பட்டது என்று கருத அது இடம் தருகிறது.

புதையல் கிடைத்த இடங்களை நிலப்படத்தில் குறித்து, அவற்றை இணைத்து வணிகப் பெருவழிகளை வரைவது நெடுநாள் வழக்கம். இம்முறையில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. ஒரு புதையல் வரலாற்றுச் சான்றாக வேண்டுமெனில் அது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. அறிவிக்கப்படாமல் உருக்கப்பட்ட காசு எந்த நிலப்படத்திலும் இடம்பெறாது.

இச்சிக்கலின் தொன்மையை விஸ்வநத்தத்திற்கு அண்மையில் உள்ள திருத்தங்கல்லோடு தொடர்புடைய ஒரு கதையே உணர்த்துகிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் தங்கால் என்னும் அவ்வூரில் வாழ்ந்த வார்த்திகனின் கதை இடம்பெறுகிறது. அவன் மகன் தட்சிணாமூர்த்தி பராசரனிடம் அணிகலன்களைப் பரிசாகப் பெறுகிறான். அவற்றைக் கண்டு பொறாத அரச அலுவலர், வார்த்திகன் படுபொருளைக் கவர்ந்தான் எனக் கூறிச் சிறையிடுகின்றனர். உண்மை அறிந்த பாண்டியன் அவனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் வழங்குகிறான். புதையல் அதனைப் பெற்றவர்க்கே உரியது என்றும் அறிவிக்கிறான்.

இக்கதையை நிகழ்ச்சிப் பதிவாகக் கொள்ள இயலாது. எனினும் புதையல் அரசுக்குரியது என்ற நடைமுறையும், அதனை மறைத்ததாகப் பழிசுமத்தப்படும் அச்சமும் காப்பியம் இயற்றப்பட்ட சமூகத்துக்கு அறிமுகமானவை என்பதை அது உணர்த்துகிறது. அத்தகைய அச்சம் நிலவும் இடத்தில் கண்டெடுத்தவர் பேசமாட்டார். ஆகவே ஒரு வட்டாரத்தில் உரோமானிய நாணயப் புதையல் பதிவாகவில்லை என்பதனால் அவ்வட்டாரம் வணிகத்துக்குப் புறம்பானது எனக் கொள்வது பிழை.

வெம்பக்கோட்டைச் சான்றுகளை வாசித்தல்

வெம்பக்கோட்டை அகழாய்வில் நுண்கற்கருவிகள் முதலாகப் பல காலத்துப் பொருள்கள் கிடைத்துள்ளன. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் உருவங்கள், தந்தப் பகடை ஆகியவை அவற்றுள் சில. பல காலத்துக்குரிய மேடு என்பதால், ஒவ்வொரு பொருளும் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதைக் கொண்டே அதனை உரோமானிய வணிகக் காலத்தோடு பொருத்தவோ விலக்கவோ இயலும்.

சங்கு வளையல்களின் திசை தெளிவானது. மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு, அவ்வளைகுடாவில் கலக்கும் வைப்பாற்றின் வழியையொட்டி உள்நாட்டுக்கு வந்திருத்தல் இயல்பு. இது கடற்கரைக்கும் கரிசல் நிலத்துக்கும் இடையிலான உறவு; அதனை விளக்க உரோமர் தேவையில்லை.

கண்ணாடி மணிகளின் நிலை வேறு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரியக் கடற்பயண நூல், சேர நாட்டுத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளுள் கச்சாக் கண்ணாடியையும் குறிப்பிடுகிறது. ஆனால் தென்னிந்தியாவில் உள்நாட்டுக் கண்ணாடி உருவாக்கமும் செழித்திருந்தது. மத்தியதரைக் கடற்பகுதிக் கண்ணாடி நேட்ரான் உப்பைக் கொண்டு செய்யப்பட்டது. இந்திய மணிகள் பலவற்றில் அலுமினாவின் அளவு மிகுதி. எனவே ஒரு மணியின் நிறமும் வடிவமும் அதன் தோற்றுவாயைச் சொல்லா. வேதியியல் பகுப்பாய்வே சொல்லும்.

திமிலுள்ள காளையின் உருவம் செதுக்கிய சூதுபவளமும் இத்தகையதே. கல்லில் உருவைக் குழித்துச் செதுக்கும் கலை உரோம உலகில் பெருவழக்காக இருந்தது. ஆயினும் திமிலுள்ள காளை இம்மண்ணுக்கு நெருக்கமான உருவம். செதுக்கிய கைவினைஞர் எவர் என்பதை நுட்பத்தின் ஒப்புமை மட்டும் முடிவுசெய்யாது.

சரக்குப் பட்டியலும் இன்றைய சிவகாசியும்

அதே கடற்பயண நூலின் இறக்குமதிப் பட்டியலில் அஞ்சனக்கல், ஈயம், அரிதாரம், மனோசிலை ஆகியவையும் உள்ளன. அஞ்சனக்கல் ஆண்டிமனியின் சல்பைடு. அரிதாரமும் மனோசிலையும் ஆர்செனிக்கின் சல்பைடுகள். 2017இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுத் தயாரிப்பில் பயன்படுத்தக் கூடாதெனத் தடைசெய்த ஐந்து பொருள்களுள் ஆண்டிமனி, ஆர்செனிக், ஈயம் ஆகிய மூன்றும் அடங்கும். மற்றவை லித்தியமும் பாதரசமும்.

இவ்வொற்றுமை கவர்ச்சியானது, ஆனால் இதிலிருந்து ஈராயிரம் ஆண்டுத் தொழில் தொடர்ச்சியை வருவிப்பது வரலாற்று முறையாகாது. பண்டைக் காலத்தில் அப்பொருள்கள் கண்மையாகவும் வண்ணமாகவும் மருந்தாகவும் பயன்பட்டன. வெடிமருந்து அக்காலத்தில் அறியப்படாதது. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் 20ஆம் நூற்றாண்டில் தோன்றியவை. ஒரே பொருள் இரு காலங்களில் இரு வேறு உலகங்களுக்கு உரியது என்பதே இப்பட்டியல் தரும் பாடம். வெம்பக்கோட்டை மணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முடிவுரை

வைப்பாற்றுச் சமவெளியை உரோமானிய வணிக வரைபடத்தில் சேர்ப்பதற்கான கேள்விகள் இப்போது தெளிவாகின்றன. முதலாவதாக, புதையல் பதிவின்மையை வணிகமின்மையாகக் கொள்ளுதல் கூடாது. இரண்டாவதாக, அயற்பொருள் ஒன்று கிடைப்பது அயலவர் வருகைக்குச் சான்றாகாது. அது பல கைகள் மாறி வந்திருக்கலாம். மூன்றாவதாக, மண்ணடுக்கு, கண்ணாடியின் வேதியியல், சங்கு அறுத்த கழிவு ஆகியவற்றை ஒருசேர ஆராய்தல் வேண்டும்.

உரோமரின் வருகையே ஓர் ஊருக்குப் பெருமை தரும் என்ற எண்ணம், அவ்வூரில் சங்கறுத்தவரையும் மணி செய்தவரையும் வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடும். பிளினி வெளியேறிய பணத்தைக் கணக்கிட்டார். பாப்பிரஸ் சுங்கத்தைக் கணக்கிட்டது. உழைத்தவரின் கூலியை எவரும் எழுதிவைக்கவில்லை. விஸ்வநத்தத்தை அடுத்த இக்கரிசல் நிலத்து மேடுகளில் அறுபட்ட சங்குத் துண்டும் உடைந்த மணியுமே அவர்களைப் பற்றிய ஆவணங்கள். அவற்றை உரோமின் நிழலில் வைக்காமல் அவற்றின் சொந்த மண்ணடுக்கில் வைத்து வாசிப்பதே இவ்வட்டாரத்தின் பண்டை வரலாற்றுக்குச் செய்யத்தக்க முதற்பணி.