மூன்று நிமிடமும் ஆறு நிமிடமும்

ஜெர்மனியில் ரயில் 5 நிமிடம் 59 விநாடி பிந்தினாலும் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. சுவிட்சர்லாந்தில் அந்தச் சலுகை 3 நிமிடத்தோடு சரி. தளர்ந்த அளவுகோலை வைத்துக்கொண்டும் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் தொலைதூர ரயில்கள் 2024இல் 62.5 சதவீதம்தான் தேறின. சுவிஸ் கூட்டாட்சி ரயில்வே 93.2 சதவீதம் எட்டியது. இரண்டையும் அப்படியே நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. சுவிஸ் எண்ணில் உள்ளூர் வண்டிகளும் சேர்த்தி. ஜெர்மனியின் வட்டார ரயில்களைத் தனியே பார்த்தால் அவையும் 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கின்றன.

நிமிடத்தைவிட, எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த 62.5 சதவீதம் ரயில்களை எண்ணிய கணக்கு. ரத்தான ரயில் அதில் வராது. ஓடாத வண்டிக்குத் தாமதம் ஏது! சுவிஸ் கணக்கு பயணிகளை எண்ணுகிறது. காலை நெரிசலில் நூற்றுக்கணக்கானோருடன் பிந்திய வண்டியை, இரவில் பத்துப் பேருடன் சரியாக வந்த வண்டி ஈடுகட்ட முடியாது. ஜெர்மனியும் பயணிகள் கணக்கு ஒன்றை வெளியிடுகிறது. ஆனால் அதில் சலுகை 15 நிமிடம்.

அளவுகோல் நடத்தையை எப்படி வளைக்கிறது என்பதற்கு ஒரே செயலின் இரண்டு வடிவங்களைப் பார்க்கலாம். மிகவும் பிந்திய ஜெர்மன் ரயில் சில சமயம் கடைசி நிலையங்களுக்குப் போகாமலே திரும்பிவிடும். அடுத்த பயணம் நேரத்துக்குக் கிளம்பும்; விடுபட்ட நிலையங்கள் தாமதக் கணக்கில் ஏறாது; அங்கே இறங்க வேண்டியவர் நடுவழியில் நிற்பார். சுவிஸ்காரர்களும் பிந்திவரும் ஜெர்மன் ரயிலை எல்லையிலுள்ள பாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அங்கிருந்து அவர்களுடைய மாற்று ரயில் குறித்த நேரத்துக்குப் புறப்படுகிறது. ஹாம்பர்க்கிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்தவருக்கு இறங்கி ஏறும் அலைச்சல்தான். உள்நாட்டுப் பயணிக்கு எந்தக் குறையும் இல்லை. சுவிஸ் எண்ணின் பளபளப்பில் இந்தக் கறார்த்தனத்துக்கும் பங்குண்டு.

மாற்று ரயிலைத் தயாராக வைக்கப் பணம் வேண்டும். 2023இல் ரயில் கட்டமைப்புக்கு அரசு போட்ட முதலீடு ஜெர்மனியில் தலைக்கு 115 யூரோ, சுவிட்சர்லாந்தில் 477 யூரோ. பயணியும் தாராளமாகவே கொடுக்கிறார்: நாடு முழுக்கச் செல்லும் சுவிஸ் ஆண்டுச் சீட்டு 2025இல் இரண்டாம் வகுப்புக்கு 3,995 பிராங்க். ஜெர்மனியில் வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு அதே ஆண்டில் 58 யூரோ. செலவழித்த விதமும் வேறு. சுவிஸ்காரர்கள் முதலில் அட்டவணையை வகுத்து, அதற்கேற்பத் தண்டவாளம் போட்டார்கள். சூரிச்சும் பெர்னும் ஒரு மணி நேரத்துக்குள் இணைந்தால் இரு முனையிலும் இணைப்பு ரயில்கள் சந்திக்கும் என்பதற்காகவே 2004இல் 45 கிலோமீட்டர் புதுப்பாதை திறந்தார்கள். அதில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். அதற்குமேல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஜெர்மனி இப்போது தேய்ந்த பாதைகளை ஒவ்வொன்றாக மூடிப் பழுதுபார்க்கிறது. 2024இல் ஃபிராங்ஃபர்ட்–மன்ஹைம் பாதை ஐந்து மாதம் மூடியிருந்தது. தொலைதூர ரயில்கள் சுற்றிப் போனதில் பயணம் அரை மணி நேரம்வரை நீண்டது. அந்த அரை மணி முன்கூட்டியே அட்டவணையில் சேர்க்கப்பட்டதால் தாமதக் கணக்கில் வரவில்லை.