கொடிவழி தேடுவோர்

பாட்டனின் பெயரைச் சொல்லக் கூடியவர் நம்மில் பலர். பாட்டனுக்குப் பாட்டனின் பெயரைச் சொல்லக் கூடியவர் மிகச் சிலர். நான்கு தலைமுறைக்கு அப்பால் எளிய மனிதனின் குடும்ப வரலாறு பெரும்பாலும் மறைந்து போகிறது. அவ்வாறு மறைந்தவற்றைக் கூலி பெற்றுக்கொண்டு தேடித் தருவதையே தொழிலாகக் கொண்டோர் உலகில் உண்டு. அத்தொழிலுக்கும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

வமிசாவளி எழுதுவது நம் நாட்டுக்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் மரபைச் சூரியனிலிருந்தே தொடங்குகின்றன. 1231-ல் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தவன் கோப்பெருஞ்சிங்கன். தில்லைக் கோயிலில் திருப்பணிகள் செய்த அவனும் தன்னைப் பல்லவர் குலத்தவன் என்று கூறிக்கொண்டான். அதிகாரத்தைக் கைப்பற்றியவனுக்குப் பழங்குலப் பெருமை வேண்டியிருந்தது. பொருள் பெற்ற புலவன் அதனைப் பாடித் தந்தான். கொடுப்பவன் விரும்புகிற விடையையே பெறுபவன் எழுதிவிடக் கூடும் என்னும் ஆபத்து இத்தொழிலுடனேயே பிறந்தது. வடக்கே ஹரித்துவாரத்தில் பண்டாக்கள் யாத்திரிகரின் குடும்பப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் எழுதி வருகின்றனர். அங்கே சென்றவர் எவராயினும் அவர் பெயர் ஏட்டில் ஏறும். ஆனால் யாத்திரை போகவும் வசதியற்ற ஏழை உழவனின் பெயரை யார் எழுதி வைத்தார்?

இக்கேள்விக்கு வரலாறு தருகிற விடை விந்தையானது. அவன் பெயரை எழுதி வைத்தவர் அவனை வேலைக்குக் கொண்டு சென்ற அதிகாரிகள். 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்குக் கொண்டு சென்ற முதற் கப்பல் அதுவே. 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சென்னை வழியே சென்றவர். அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. மொரீஷியசுக்கும் பீஜிக்கும் கரீபியத் தீவுகளுக்கும் சென்றோரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை பதிவேட்டில் குறிக்கப்பட்டன. தப்பி ஓடினால் பிடிக்கவும் கணக்குத் தீர்க்கவும் உதவும் பதிவேடு அது. இன்று அதுவே பேரன் பேத்தியருக்கு முன்னோரைக் காட்டும் ஏடாயிற்று!

டர்பனில் படையாச்சி என்றும், கோவிந்தர் என்றும், பிள்ளை என்றும் பெயர் தாங்கி வாழ்வோர் இப்பொழுது தம் வேரைத் தேடுகின்றனர். தாமே வந்து தேட இயலாதவர் ஆராய்ச்சியாளரை அமர்த்துகின்றனர். அவர் செய்யும் வேலை யாது? முதலில் எண்ணைக் கண்டறிய வேண்டும். நேட்டாற் பதிவேடுகள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் உள்ளன; மொரீஷியசில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாக்கிறது. அடுத்து ஊரை அடையாளம் காண வேண்டும். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

அப்பதிவேடுகளின் நகல்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார். ல, ள, ழ மூன்றும் ஓரெழுத்தாயின. சிதம்பரத்தைச் ‘சில்லம்பரம்’ என்று எழுதிய காலம் ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையைத் தேடுவோர் ‘போர்ட்டோ நோவோ’ என்று தேட வேண்டும். நல்லூர் என்றும் புதூர் என்றும் எத்தனை ஊர்கள்! எல்லைகளும் மாறின. திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. அத்தென்னார்க்காடோ 1993-ல் கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் இரண்டாயிற்று. இவற்றை அறியாதவர் பிழையான ஊரிற் போய் நிற்பார்.

ஊரைக் கண்ட பின் வட்ட அலுவலகத்து நிலக் கணக்கு, பத்திரப் பதிவு அலுவலகம், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றை நாட வேண்டும். ஆயினும் நிலமே இல்லாமையால் கப்பல் ஏறியவனுக்குப் பட்டா ஏது? ஊர்க் கணக்கில் ஆணின் பெயரே அரிது. பெண்ணின் பெயர் அதனினும் அரிது. பல வேளைகளில் குலதெய்வத்தின் பெயரே ஊரைக் காட்டும் கைகாட்டியாகிறது. கடல் கடந்த குடும்பங்களுள் அதை மறவாதவை பல.

டிரினிடாடில் ஷம்சு தீன் என்னும் புவியியல் ஆசிரியர் தம் முன்னோரைத் தேடப் புகுந்து, பின்னர் அதனையே தொழிலாகக் கொண்டு, பல குடும்பங்களை இந்தியச் சிற்றூர்களோடு இணைத்திருக்கிறார். அந்நாட்டின் பிரதமர் பதவி வகித்த கமலா பெர்சாத் பிசெசர் 2012-ல் பீகாரிலுள்ள தம் மூதாதையரின் ஊருக்கு வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. எல்லாத் தேடலும் அவ்வாறு முடிவதில்லை. பொருள் கொடுத்தவர் கண்ணீரோடு காத்திருக்கும்போது, பெயர் ஒத்த ஒரு குடும்பத்தைக் காட்டி, “இவரே உம் உறவினர்” என்று சொல்லிவிடுவது எளிது. “ஊர் கிடைத்தது, குடும்பம் கிடைக்கவில்லை” என்று சொல்லுவது அரிது. அவ்வாறு சொல்லத் துணிபவரையே ஆராய்ச்சியாளர் என்று நான் மதிப்பேன். தந்தை பெயர், ஊர், காலம் மூன்றும் பொருந்தினாலன்றி உறவு நிலைநாட்டப்பட்டதாகக் கொள்ளலாகாது. மன்னர் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதும் மாணவர்கள் இதே விழிப்போடு இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் கொடிவழியைத் தேட நீங்கள் ஒருவருக்கும் கூலி கொடுக்க வேண்டுவதில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் அருகில் அமர்ந்து, அவருடைய தாயின் பெயரையும் பிறந்த ஊரையும் கேளுங்கள். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதையும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கப்பற் பதிவேட்டில் இடம்பெறாத அப்பெயர்களை எழுத உங்களைத் தவிர வேறு எழுத்தர் இல்லை.