மனுஷாவதாரம்: ஒரு சொல்லின் வரலாறு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாத் திருப்பலியில் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லி வரும்போது ஓரிடத்தில் நாம் அனைவரும் முழந்தாளிடுகிறோம். இறைமகன் மனிதரானார் என அறிக்கையிடும் இடம் அது. மார்ச் 25-இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாளிலும் அவ்வாறே செய்கிறோம். ஏனைய ஞாயிறுகளில் அவ்விடத்தில் தலை வணங்க வேண்டும் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. விண்ணையும் மண்ணையும் படைத்தவர் என்று சொல்லும்போது நிமிர்ந்து நிற்கும் நாம், அவர் நம்மில் ஒருவரானார் என்னும்போது மட்டும் ஏன் மண்டியிடுகிறோம்?

இக்கேள்வியை நமக்கு நினைவூட்டியவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் அன்பர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் அவர் நம்மிடம் வந்து, "சாமி, பக்கத்து வீட்டுக்காரர் திருமழிசைக்காரர், நல்ல மனுஷர். நேத்து பலகாரம் கொடுக்கப் போனப்ப, ‘உங்க இயேசுவும் ஒரு அவதாரந்தானே’ன்னு கேட்டார். ஆமான்னு சொல்றதா, இல்லேன்னு சொல்றதா?" என்றார். மறைக்கல்வி நூலைப் புரட்டி உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் நம் முன்னோரின் நானூறு ஆண்டு உழைப்பு அடங்கியிருப்பதை எண்ணியபோது சற்றுத் தயங்கினோம்.

முதலில், திருச்சபையே இம்மறைபொருளை எளிதில் சொல்லிவிடவில்லை. இயேசு படைக்கப்பட்டவரே, தந்தைக்கு இணையானவர் அல்லர் என்று ஆரியு என்னும் குரு போதித்ததால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 325-ஆம் ஆண்டில் நீசேயாவில் ஆயர்கள் கூடினர். தந்தையும் மகனும் ஒரே பொருளாயிருப்பவர்கள் என அச்சங்கம் வரையறுத்தது. 2025-இல் அதற்கு 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. பின்னர் 451-இல் கல்செதோன் பொதுச்சங்கம், கிறிஸ்து முழுமையான கடவுள், முழுமையான மனிதர். இரு இயல்புகளும் கலவாமலும் பிரியாமலும் ஓராளில் உள்ளன என்று அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் நசியான்சு நகரக் கிரகோரியார், மனித இயல்பில் எதை இறைமகன் ஏற்கவில்லையோ அது நலம்பெறாமலே நின்றுவிடும் என வாதிட்டார். ஆக, இது வெறும் சொற்போர் அன்று. நம் மீட்பே அதில் அடங்கியிருந்தது.

இந்த நம்பிக்கை தமிழ் பேச வேண்டிய காலம் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், தமிழறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். 1544-இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில் இரு திருத்தங்களைக் குறிப்பிடுகிறார். நம்பிக்கை அறிக்கையில் ‘விசுவாசம்’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற பொருள் வந்துவிட்டது. அதை மாற்றுக என்பது ஒன்று. இயேசுவின் பாடுகளைக் குறித்த சொல், அவர் வலுக்கட்டாயத்தால் துன்புற்றார் எனப் பொருள்படுகிறது. அவரோ தாமே மனமுவந்து துன்புற்றார், ஆகவே அதையும் நீக்குக என்பது மற்றொன்று. தமிழில் தடுமாறிய அந்த அயல்நாட்டவர், ஒரு சொல் பிழைத்தால் ஆண்டவரின் அன்பே பிழைபட்டுப் போகும் என்பதை உணர்ந்திருந்தார்.

அவருக்குப்பின் வந்த அன்றீக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள். கடவுளைத் ‘தம்பிரான்’ என்று நம் மக்களின் சொல்லாலேயே அழைத்தார். எனினும் தமிழில் ஈடு காணாத பல கருத்துகளுக்கு அக்காலத்தார் போர்த்துக்கீசியச் சொற்களையே வைத்துக்கொண்டனர். நம் பாட்டிமார் சிலுவை அடையாளம் வரையும்போது சொன்ன ‘இஸ்பிரீத்து சாந்து’வும், கடற்கரை ஊர்களில் இன்றும் வழங்கும் ‘குருசு’ம் அவ்வழி வந்தவையே.

1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, அதாவது தத்துவ போதகர், வேறு வழி கண்டார். இந்நாட்டுச் சமய நூல்களைக் கற்று, அங்கு வழங்கிய சொற்களையே எடுத்துத் திருமறைக்குப் பணியமர்த்தினார். சர்வேசுரன், குரு, பூசை, கோவில் என்பன போன்ற சொற்கள் நம் வழிபாட்டில் வேரூன்றியது அவ்வழியால்தான். இறைமகன் மனிதரான நிகழ்ச்சிக்கு ‘மனுஷாவதாரம்’ என்ற சொல் மறைக்கல்வி நூல்களிலும் செபங்களிலும் நிலைபெற்றது.

இச்சொல் விழுந்த நிலம் எத்தகையது என்பதை நம் பகுதியில் வாழ்வோர் அறிவர். திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் நம் பக்கத்தில் உள்ளது. அவரைத் திருமாலின் சக்கரத்தின் அம்சமாக வைணவர் போற்றுவர். இராமானுசருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்தது பூந்தமல்லியில். கடவுள் எட்டாத உயரத்தில் இருப்பவர் மட்டுமல்லர், அடியாருக்கு எளியவராய் இறங்கி வருபவர் என்பதை இம்மண் நெடுங்காலமாகப் பாடி வந்துள்ளது. அதனால்தான் ‘அவதாரம்’ என்றதும் தமிழ்ச் செவிக்குப் பாதி விளக்கம் தேவையற்றுப் போயிற்று.

மீதிப் பாதியை விளக்கத்தான் தத்துவ போதகர் பாடுபட்டார். அவதாரம் பல, அறம் தளரும் காலந்தோறும் நிகழ்வது, வந்த பணி முடிந்தபின் அவ்வுருவம் நீங்குவது. கிறிஸ்துவின் வருகையோ ஒரே முறை நிகழ்ந்தது. மறுபிறப்புக் கொள்கையை மறுத்து ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்றே அவர் ஒரு நூல் எழுதினார். மனித வாழ்வு ஒருமுறையே என்றால்தான், கடவுள் அதை ஒருமுறை ஏற்றதன் கனம் விளங்கும். முதுமையில் பார்வை மங்கிய நிலையில், 1656-இல் மயிலாப்பூரில் அவர் இறந்தார். நாம் திருப்பயணம் செல்லும் அந்த மயிலாப்பூரில்தான், இச்சொற்களை நமக்குத் தந்தவரின் இறுதி நாட்கள் கழிந்தன.

அடுத்து வந்த வீரமாமுனிவர் இம்மறைபொருளைக் காப்பியமாக்கினார். 1726-இல் நிறைவுற்ற ‘தேம்பாவணி’ 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. வியப்பு என்னவெனில், அதன் தலைவர் ஓர் அரசர் அல்லர். வளன் என்று அவர் பெயரிட்ட புனித சூசையப்பர், ஒரு தச்சர். காப்பியத் தலைவர் பெருங்குடிப் பிறந்த வீரராக இருப்பதே மரபு. உளி பிடித்த கையைக் காப்பியத்தின் நடுவில் அமர்த்தினார் முனிவர். இயேசுவையும் ஊரார் ‘தச்சர்’ என்றே அழைத்தனர் என்பது மாற்கு தரும் செய்தி.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் (1962–65) நம் வழிபாட்டுத் தமிழ் மாறியது. ‘மனுஷாவதாரம்’ மெல்ல விலகி, ‘மனுவுருவாதல்’, ‘மனித உரு எடுத்தல்’ என்பன வந்தன. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு யோவான் நற்செய்தியில் ‘வாக்கு’ என்றும் ‘மனிதர்’ என்றும் கையாண்டது. யோவான் எழுதிய கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளோ ஊன், தசை. பழைய மொழிபெயர்ப்பில் ‘மாம்சம்’ என்று படிக்கும்போது சிலருக்கு உறுத்தலாக இருந்திருக்கலாம். அந்த உறுத்தல் நற்செய்தியாளரே வைத்ததுதான். ‘உரு எடுத்தல்’ என்னும் சொல்லிலும் ஓர் ஆபத்து உண்டு: எடுத்ததைக் கழற்றி வைத்துவிடலாம் என்று அது எண்ணச் செய்யக்கூடும். எந்தச் சொல்லும் இம்மறைபொருளை முழுதும் தாங்குவதில்லை. சொற்கள் மாறலாம், அவற்றைக் காவல் காக்கும் கடமை மாறாது.

இவையெல்லாம் நம் மனத்தில் ஓட, அன்பரின் கையைப் பார்த்தோம். வலக்கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. இளமையில் வேறொரு பட்டறையில் பிரஸ் மெஷினில் போனது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் 1960-களில் தொழிற்சாலைகள் எழுந்தது முதல், இத்தகைய கைகளால்தான் நம் பங்குகள் பல வளர்ந்துள்ளன. அவரிடம் நாம் சொன்னது இதுவே: "அவரோடு சண்டை வேண்டாம். கடவுள் இறங்கி வருவார் என்று அவரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், எங்கள் ஆண்டவர் வந்தபின் மனிதத் தன்மையைக் கழற்றவே இல்லை என்றும் சொல்லுங்கள். உயிர்த்தபின்பும் தோமாவுக்குக் காயம்பட்ட கையைத்தான் காட்டினார். தந்தையின் வலப்பக்கத்தில் இன்றும் இருப்பது ஒரு தச்சரின் கை. தழும்பு மாறாத கை."

அவர் சற்று நேரம் தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதச் சொன்னா அவருக்குப் புரியும் சாமி" என்றார்.

தமிழில் ‘மெய்’ என்பதற்கு உண்மை என்றும் உடல் என்றும் பொருள் உண்டு. கல்செதோன் ஆயர்கள் தமிழறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். வரும் ஞாயிறு நம்பிக்கை அறிக்கையில் அந்த இடம் வரும்போது விரைந்து கடந்துவிடாமல் தலை வணங்குவோம். நம் உடலைத் தமதாக்கிக்கொண்டவருக்கு நம் உடலால் நாம் செலுத்தும் சிறு நன்றி அது.